பைன்சில் கையில் இருந்தால் ஸ்டேஷன் தேவையா? – விவாதம்

ஓம்விதி எழுதியது:
எலக்ட்ரானிக்ஸ் பழக வருகிறவர்களிடம் "முதலில் ஒரு 936 சால்டரிங் ஸ்டேஷன் வாங்கு" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஈயம் ஒட்ட, பைன்சில், டிஎஸ்101 மாதிரி ஒரு கையடக்க சால்டரிங் அயர்னும் 65 வாட் யுஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி: சார்ஜரும் கருவியும் பேசி வோல்ட்டை உயர்த்தும் பொது முறை) சார்ஜரும் போதும்.

காரணம் டிப்பின் (ஈயத்தைத் தொடும் நுனித் துண்டு) அமைப்பு. 936-ல் செராமிக் ஹீட்டர் தனி, அதன் மேல் தொப்பி போலச் சொருகும் 900எம் டிப் தனி. இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி. வெப்பத்தை அளக்கும் சென்சார் ஹீட்டருக்குள் இருக்கிறது. நுனி பெரிய கிரவுண்ட் பிளேனை (போர்டின் அகலமான செம்புப் பரப்பு) தொட்டுச் சூடு இறங்கினாலும் அது சென்சாருக்கு எட்டத் தாமதமாகும். அதைச் சமாளிக்கத்தான் பலர் 936-ஐ 400 டிகிரியில் வைத்து வேலை செய்கிறார்கள், டிப்பும் சீக்கிரம் கருத்துப்போகிறது. பைன்சிலில் ஹீட்டரும் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளும் டிப்புக்குள்ளேயே, நுனியை ஒட்டி இருக்கின்றன. மின்சாரம் விடுவது, நிறுத்தி அளப்பது, மறுபடி விடுவது என்று விநாடிக்குப் பல முறை நடக்கிறது. 63/37 (வெள்ளீயம்/ஈயம்) கலவைக்கு 320 டிகிரியே தாராளம்.

சர்வீஸ்பெஞ்ச் எழுதியது:
சார், டிப் பத்தி சொன்னது முழுக்க சரி. ஆனா கரண்ட் எங்க இருந்து வருதுன்னு பாக்காம "போதும்"னு முடிச்சிடாதீங்க. வழக்கமான பைன்சில் டிப் ஏறக்குறைய 8 ஓம். வோல்ட்டை வர்க்கம் பண்ணி ஓமால வகுங்க: 20 வோல்ட்ல 50 வாட், 12-ல 18, 9-ல 10. வெறும் 5 வோல்ட்ல 3 வாட்தான், அதுல ஈயம் உருகாது.

புதுசா வர்ற பையன் 65 வாட் சார்ஜர் தேடிப் போக மாட்டான். வீட்ல இருக்கற போன் சார்ஜரைச் சொருகுவான். அதுல "33 வாட்", "67 வாட்"னு போட்டிருந்தாலும் பல சார்ஜர்கள் அந்தக் கம்பெனியோட சொந்த முறையிலதான் வேகமா சார்ஜ் ஏத்தும். பிடி தெரியாத சார்ஜர்னா அயர்னுக்கு 5 வோல்ட்தான் கிடைக்கும், சிலதுல 9. அப்புறம் "அயர்ன் மட்டம்"னு ரிவ்யூ எழுதுவான். ஸ்டேஷன்ல இந்தக் குழப்பமே இல்ல, பிளக்கைச் சொருகுனா வேலை.

ஓம்விதி எழுதியது:
அதனால்தான் 65 வாட் என்று குறிப்பிட்டேன். 45 வாட் சார்ஜர் கூட இழுபறிதான். 20 வோல்ட்டில் அது தருவது 2.25 ஆம்பியர், 8 ஓம் டிப் கேட்பது 2.5. அப்போது 15 வோல்ட்டுக்கு இறங்க நேரிடலாம், 28 வாட் தேறும். சாதாரண போர்டு வேலைக்கு அதுவும் ஓடும். எத்தனை வோல்ட் வருகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை: பைன்சிலில் ஓடும் அயர்ன்ஓஎஸ் மென்பொருளின் அமைப்பில் விரிவான திரையைத் தேர்ந்தால் உள்ளே வரும் வோல்ட்டும் செலவாகும் வாட்டும் தெரியும். வாங்கிய அன்றே அதைப் பார்த்துவிட வேண்டும்.

பிடி சார்ஜரே வேண்டாம் என்றால் பழைய லேப்டாப் அடாப்டர் இருக்கிறது. 19.5 வோல்ட்டில் 47 வாட். பைன்சிலின் டிசி ஜாக் 5.5 × 2.5 மி.மீ., முள் வேறு அளவு என்றால் ஒரு கன்வெர்ட்டர் போதும். ஒரு எச்சரிக்கை: டிசி ஜாக்கில் மின்சாரம் இருக்கும்போது யுஎஸ்பியையும் சொருகக் கூடாது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் அயர்னோ கம்ப்யூட்டரோ போகலாம்.

குவாட்_கோவை எழுதியது:
ட்ரோன் பறக்க விடுற மைதானத்துல ஸ்டேஷனுக்கு வேலையே இல்ல ப்ரோ. 4எஸ் (நாலு செல்) லிபோ பேட்டரி முழு சார்ஜ்ல 16.8 வோல்ட், அதாவது 35 வாட். பேட்டரியோட எக்ஸ்டி60 கனெக்டர்ல இருந்து டிசி முள்ளுக்கு ஒரு ஒயர் போட்டுட்டா மோட்டார் ஒயர், ரிசீவர் எல்லாம் அங்கயே ஒட்டலாம். அயர்ன்ஓஎஸ்ல பவர் சோர்ஸை 4எஸ்னு மாத்தி வைங்க. அப்பதான் செல்லுக்கு 3.3 வோல்ட் வந்ததும் அயர்ன் நின்னுடும். அதைச் செய்யலைன்னா அயர்ன் பேட்டரியை அளவுக்கு மீறி உறிஞ்சி, செல் உப்பிடலாம்.

சர்வீஸ்பெஞ்ச் எழுதியது:
சரி, அதே 35 வாட்ல தடிச்ச 12 கேஜ் ஒயரை எக்ஸ்டி60-ல ஒட்டிக் காட்டுங்க.

குவாட்_கோவை எழுதியது:
ஒட்டலாம், முறை தெரிஞ்சா. கூட வர்ற கூம்பு டிப்பைக் கழட்டி ஓரமா வைங்க, அதோட நுனி பரப்பு ரொம்பக் குறைச்சல். 2.4 மி.மீ. உளி டிப் (டி24) போடுங்க. 380 டிகிரி. முதல்ல ஒயரைத் தனியா ஈயம் பூசி நிரப்புங்க, அப்புறம் கனெக்டர் கிண்ணத்தைத் தனியா நிரப்புங்க. ரெண்டுலயும் ஃபிளக்ஸ் பேஸ்ட் தடவணும். இந்த ரெண்டையும் ஒண்ணு சேக்கறப்ப உளியோட தட்டைப் பக்கம் முழுசா கிண்ணத்து மேல படணும், நுனியால குத்தக் கூடாது. எதிர்ஜோடி கனெக்டரை மாட்டி வச்சுக்கிட்டே பண்ணுங்க. இல்லைன்னா நைலான் இளகி உள்ள இருக்கற பின் சாஞ்சிடும், அப்புறம் ஜோடி சேராது.

ஆனா ஒப்புக்கறேன், வரிசையா பத்து கனெக்டர் ஒட்டணும்னா இது தாங்காது. ஒவ்வொண்ணுக்கு நடுவுலயும் டிப் மீண்டு வரக் காத்திருக்கணும்.

சர்வீஸ்பெஞ்ச் எழுதியது:
நான் கையடக்க அயர்னைச் சந்தேகப்படறதுக்கு உண்மையான காரணம் வாட் இல்ல, எர்த். இதை யாரும் புதுசா வர்றவங்களுக்குச் சொல்றதில்ல.

ரெண்டு முள் சார்ஜருக்கு எர்த் கிடையாது. அதுக்குள்ள மெயின்ஸ் பக்கத்துக்கும் அவுட்புட் பக்கத்துக்கும் நடுவுல ஒரு ஒய்-கெபாசிட்டர் இருக்கும், இரைச்சலை அடக்க. 1 நானோஃபாரட் அளவுல. அது வழியா அவுட்புட் முழுசும் எர்த்தைப் பொறுத்து 100 வோல்ட்டுக்குப் பக்கமா மிதக்கும். அயர்னோட டிப்பும் அவுட்புட் மைனஸும் ஒண்ணுன்னா டிப்பும் மிதக்குது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு டிப்புக்கும் எர்த்துக்கும் நடுவுல அளந்தா 60, 80னு காட்டும். கரண்ட் சில பத்து மைக்ரோ ஆம்பியர்தான், ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. சுருக்குனு ஒரு கூச்சம் தெரியலாம்.

பார்ட்ஸுக்கு அப்படி இல்ல. போர்டு யுஎஸ்பி கேபிள்ல டெஸ்க்டாப் கம்ப்யூட்டரோட மாட்டியிருக்குன்னு வைங்க, அது எர்த் ஆன போர்டு. அதுல 2என்7000 மாஸ்ஃபெட்டோட (ஒரு வகை டிரான்சிஸ்டர்) கேட்டை, அதாவது அதைக் கட்டுப்படுத்தற காலை, டிப்பால தொடறீங்க. கேட் தாங்கறது 20 வோல்ட். கேட்டோட கெபாசிட்டன்ஸ் சில பத்து பிக்கோஃபாரட், ஒய்-கெபாசிட்டர் அதைப் போலப் பல மடங்கு. தொட்ட நிமிஷம் வோல்ட்டு மொத்தமும் கேட் மேல விழும். பார்ட் உடனே சாகாம அரைகுறையா கெட்டுப்போனா இன்னும் மோசம், ரெண்டு வாரம் கழிச்சு சர்க்யூட் கிறுக்குத்தனம் பண்ணும், காரணமே புரியாது. மூணு முள் ஸ்டேஷன்ல டிப் நேரா எர்த்ல இருக்கு. இந்தப் பேச்சே வராது.

ஓம்விதி எழுதியது:
பிரச்சினை உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அது சார்ஜரின் குணம், அயர்னின் குணம் அல்ல. எளிய தீர்வு பவர் பேங்க்: மெயின்ஸோடு தொடர்பே இல்லாததால் அந்த மிதப்பு இல்லை. (பவர் பேங்கைச் சார்ஜில் போட்டபடியே வேலை செய்தால் பழைய கதைதான்.) 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி, இழப்பு போக 60 தேறும். சராசரியாக 12 வாட் செலவு என்றாலும் 5 மணி நேரம். சும்மா இருக்கும்போது பவர் பேங்க் தானாக அணைந்தால் அயர்ன்ஓஎஸ்ஸில் பவர் பல்ஸைப் போட்டுவிடலாம், சில விநாடிக்கு ஒருமுறை கொஞ்சம் இழுத்து அதை விழிக்க வைக்கும்.

மேஜையிலேயே வேலை என்றால் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக டிப்பை எர்த் செய்யுங்கள், கையில் கட்டும் ஆன்டி-ஸ்டாட்டிக் கைப்பட்டைக்குச் செய்வது போல.

சர்வீஸ்பெஞ்ச் எழுதியது:
இங்கதான் தப்பு. கைப்பட்டைக்கு 1 மெகா ஓம் சரி, உடம்புல தேங்கற ஸ்டாட்டிக்கை வடிக்க அது போதும். இது தொடர்ந்து வர்ற கசிவு. 1 நானோஃபாரட்டோட தடை 50 ஹெர்ட்ஸ்ல 3 மெகா ஓமுக்கு மேல. அதோட 1 மெகா ஓமைச் சேத்தா இன்னும் 30 வோல்ட்டுக்கு மேல மிஞ்சும், மாஸ்ஃபெட் கேட்டுக்கு அதுவே எமன். 100 கிலோ ஓம் போட்டா 3, 4 வோல்ட்டுக்கு இறங்கும். அதைப் போடுங்க, இல்ல நேரா எர்த் பண்ணுங்க. டிஎஸ்100-ல பின்னால அதுக்குன்னே ஸ்க்ரூ இருக்கு.

ஓம்விதி எழுதியது:
கணக்கு சரி, 100 கிலோ ஓமே வைத்துக்கொள்வோம். நேராக எர்த் செய்வதை மட்டும் புதியவர்களுக்குச் சொல்ல மாட்டேன். மின்சாரம் இருக்கும் போர்டை மறந்து தொட்டால் டிப் வழியாக ஷார்ட் ஆகும். ரெசிஸ்டர் இருந்தால் அது நடக்காது.

எம்பெட்டட்_மதுரை எழுதியது:
மின்சாரம் இருக்கற போர்டுல அயர்னை வைக்கவே கூடாது, அதுக்காக எர்த்தை விடறது நியாயம் இல்ல. மூணு முள் லேப்டாப் அடாப்டர் பலதுல அவுட்புட் மைனஸ் எர்த்தோட சேர்ந்தே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, பெரிய (எர்த்) முள்ளுக்கும் டிசி முள்ளோட வெளிவளையத்துக்கும் மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி (மின் தொடர்பு) பாருங்க. அப்புறம் வெளிவளையத்துல இருந்து டிப் வரைக்கும் பாருங்க. ரெண்டுலயும் தொடர்பு இருந்தா தனி ஒயரே வேண்டாம். ஆனா வீட்டு சாக்கெட்ல எர்த் ஒயர் நிஜமா வந்திருக்கணும், பழைய வீடுகள்ல ஓட்டை மட்டும் இருக்கும், ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வச்சுப் பாத்துடுங்க.

யாரும் தொடாத ஒண்ணு: அயர்னைக் கையில பிடிக்கற விதம். விரல் பிடிக்கற இடத்துல இருந்து நுனி வரைக்கும் பைன்சில்ல தூரம் அதிகம், 0402 மாதிரி ரொம்பக் குட்டி ரெசிஸ்டரை ஒட்டறப்ப கை நடுக்கம் அப்படியே நுனிக்குப் போகும். குட்டை டிப் கொஞ்சம் பரவாயில்ல, 6.2 ஓம்ங்கறதால 20 வோல்ட்ல 64 வாட்டும் கிடைக்கும். கேபிள் கட்டாயம் சிலிக்கான். சாதா பிவிசி கேபிள் விறைப்பா இருந்து அயர்னைத் திருப்பும், டிப் பட்டா உருகி உள்ள இருக்கற கம்பி தெரியும். ஸ்டாண்டும் தனியா வாங்கணும், மேஜையில வச்சா உருண்டு மடியில விழும்.

சர்வீஸ்பெஞ்ச் எழுதியது:
அயர்ன், 65 வாட் சார்ஜர், சிலிக்கான் கேபிள், ஸ்டாண்டு, உளி டிப், எர்த் ஒயர். எல்லாத்தையும் கூட்டுங்க, அந்தக் காசுக்கு எர்த்தோட டி12 ஸ்டேஷன் வந்துடும். அதுலயும் ஹீட்டர் டிப்புக்குள்ளதான். ஒரே மேஜையில உக்காந்து பழகறவங்களுக்கு என் ஓட்டு அதுக்கு.

ஓம்விதி எழுதியது:
936-ஐ நீங்களே கைவிட்டுவிட்டீர்கள் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். டி12-ஐ எதிர்க்க மாட்டேன். ஆனால் ஹாஸ்டல் அறையில், சாப்பாட்டு மேஜையில் வேலை செய்து எடுத்து வைக்க வேண்டியவர்கள்தான் இங்கே அதிகம் கேள்வி கேட்கிறார்கள். லேப்டாப்புக்கு ஏற்கெனவே பிடி சார்ஜர் வைத்திருப்பவருக்கு உங்கள் கூட்டலில் பாதி கழிந்துவிடும்.

குவாட்_கோவை எழுதியது:
வாங்கினவங்களுக்கு ஒண்ணு. வெப்பம் திரையில தாறுமாறா குதிச்சா போர்டு போச்சுன்னு நினைக்காதீங்க. டிப்பைப் பிடிக்கற ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், ஆறவிட்டு இறுக்குங்க. டிப் மாத்தினதும் வெப்பம் தப்பாக் காட்டினா, சிஜேசி அளவீட்டை (கைப்பிடியோட சூட்டைக் கணக்குல எடுக்கற திருத்தம்) ராத்திரி முழுக்க ஆறின அயர்ன்ல மட்டும் பண்ணுங்க. கைப்பிடியும் டிப்பும் ஒரே சூட்டுல இருக்கணும், இல்லைன்னா தப்பையே சேமிச்சு வச்சுடும்.