விண்மீனில் இரும்பு மிகுந்தால் கோள்கள் பிறக்குமா, கோள்களை விழுங்கியதால் இரும்பு மிகுந்ததா?

பாலாற்றங்கரை (வேலூர்):
"இரும்பு மிகுந்த விண்மீனுக்கே பெரிய கோள் வாய்க்கும்" என்று இங்கே பலர் அடித்துச் சொல்கிறீர்கள். நான் ஏற்கவில்லை. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியானாலும் வேறு எதுவானாலும், நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்துத் தனிமங்களை அறிவது) காட்டுவது விண்மீனின் மேற்பரப்பை மட்டுமே. சுற்றிவந்த கோள் உள்ளே விழுந்து கரைந்தாலும் அங்கே இரும்பு கூடும். குரோனோஸ் என்ற விண்மீன் சுமார் 15 பூமிகளின் நிறையுள்ள பாறைப்பொருளை விழுங்கியிருக்கலாம் என்கிறது 2018இல் வெளியான ஓர் ஆய்வு. கூடப் பிறந்த கிரியோஸில் அந்த மிகுதி இல்லை.

ஜவ்வாது மலையான் (ஆலங்காயம்):
ஐயா, குரோனோஸை மறுக்கவில்லை. ஆனால் அதைப் பொதுவிதியாக்காதீர்கள். 2005இல் வானியலாளர்கள் ஃபிஷரும் வாலண்டியும் 1040 விண்மீன்களை அலசினார்கள். சூரியனைவிட இரும்பு குறைந்தவற்றில் 3 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றிலேயே பெரிய கோள் தென்பட்டது. சூரியனைப்போல் இரு மடங்குக்குமேல் இரும்பு உள்ளவற்றில் 25 விழுக்காடு! கோள்களை விழுங்கியதால் வந்த மேற்பூச்சுதான் காரணம் என்றால், விண்மீன் முதிர்ந்து ஊதும்போது அதன் மேலடுக்கு ஆழமாகக் கலங்கி, தண்ணீர் ஊற்றிய குழம்பின் உப்பைப்போல இரும்பு நீர்த்துப்போக வேண்டும். கோளுள்ள முதிர்ந்த விண்மீன்களில் அப்படி நீர்த்துப்போனதாகத் தெரியவில்லை. இரும்பு பிறவியிலேயே வந்தது. காரணமும் தெளிவு: வியாழன் போன்ற கோளுக்கு முதலில் பூமியைப்போல் பத்து மடங்கு நிறையுள்ள கரு திரள வேண்டும். இளம் விண்மீனைச் சுற்றியுள்ள வாயுத்தட்டு சில மில்லியன் ஆண்டுகளில் கலைந்துவிடும். இரும்பு போன்ற கன தனிமங்களாலான தூசு நிறைய இருந்தால்தான் அதற்குள் கரு வளரும்.

குடியாத்தம் மாணவி:
அண்ணா, "பெரிய கோள்" என்பதை விட்டுவிடாதீர்கள். கெப்ளர்-444 என்ற விண்மீனில் இரும்பு சூரியனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவே; வயது 1,100 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதைப் பூமியைவிடச் சிறிய ஐந்து கோள்கள் சுற்றுகின்றன.

பாலாற்றங்கரை:
நன்று, அம்மா. மலையாரே, 16 சிக்னி என்ற இரட்டை விண்மீன்களை (ஏ, பி) பாருங்கள். ஒரே மேகத்தில் பிறந்தவை. பெரிய கோள் இருப்பதோ பி-யிடம். கன தனிமங்கள் சற்றுக் கூடுதலாக இருப்பதோ ஏ-யிடம். உங்கள் விதி இங்கே தலைகீழாகிறதே!

ஜவ்வாது மலையான்:
அந்த வேறுபாடு பத்து விழுக்காடு அளவுதான், ஐயா. பி-யின் கோள் கன தனிமங்களைத் தனக்குள் முடக்கிக்கொண்டிருக்கலாம். ஏ எதையாவது விழுங்கியும் இருக்கலாம். இவ்வளவு சிறிய மாற்றத்தைக் கோள்கள் செய்யும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். இரு மடங்கு இரும்பை அவற்றின் கணக்கில் எழுத மாட்டேன்.