கடையில் கீரை இருக்க, காட்டுக்குப் போவது ஏன்?

கேள்வி: சந்தையில் கீரைக்கட்டு எளிதாகக் கிடைத்தாலும், மழை பெய்த சில நாள்களிலேயே என் அத்தை கொங்குநாட்டு மானாவாரிக் காடுகளுக்கு (மழையை நம்பிய விளைநிலங்களுக்கு), தானாக முளைக்கும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் பறிக்கப் புறப்பட்டுவிடுகிறார். இதில் அப்படி என்ன இன்பம்?

பதில் 1: புற்றுக்காளானை நினைத்துப் பாருங்கள். கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்தே அது முளைப்பதால், சிப்பிக்காளானைப் போல அதைப் பண்ணையில் விளைவிக்க இயலவில்லை. இடிமழைக்குப்பின் விடியற்காலையில் சென்று, குடை விரிந்து புழு வைப்பதற்குள் கண்டெடுப்பவருக்கே அது கிடைக்கும். தேடிக் கண்டடையும் அந்த நொடிக்கு விலையேது?

பதில் 2: எல்லோருக்கும் அது இன்பமன்று. புறநானூற்றின் 159ஆம் பாடலில் குப்பைக்கீரையைக் கொய்து உப்பின்றி வேகவைப்பவளைத் துரத்துவது பசியே.

கேட்டவர்: உண்மைதான், அத்தையும் வறுமையில்தான் கீரைகளை இனங்காணக் கற்றாராம். இப்போது தோழியரோடு பேசிக்கொண்டே பறிப்பதற்காகப் போகிறார். ஐயமுள்ள காளானை மட்டும் அவர் தொடுவதேயில்லை.