வைத்தியசாலை விடுதி நோயாளரில் தெரியும் டெங்கு வைரஸ் வகை மாற்றம்: ஊர் நிலைமையாகக் கொள்ளலாமா?

ஆய்வுகூட மாணவி:
வணக்கம். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் பயிலும் நான், இறுதியாண்டு ஆய்வுக்காக, இலங்கையின் கிழக்கு மாகாணத்தின் ஆதார வைத்தியசாலை ஒன்றில் டெங்கு ஐயத்துடன் அனுமதிக்கப்படுவோரின் குருதியில் நான்கு வைரஸ் வகைகளில் எது உள்ளது என்பதை மாதந்தோறும் பதிவு செய்ய எண்ணியுள்ளேன். டெங்கு வைரஸின் புரதமொன்றைக் குருதியில் தேடும் என்எஸ்1 சோதனையில் நேர்மறையான மாதிரிகளை மட்டும், வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கி வகையைக் காட்டும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினால் செலவு குறையும் என்று சொல்கிறார்கள். என்எஸ்1 நேர்மறையாக இருந்தும் வகை தெரியாமல் போகும் மாதிரிகளை எப்படிக் கணக்கிடுவது? ஒரு மாதத்தில் இரண்டாம் வகையின் பங்கு உயர்ந்தால், ஊரிலும் அது உயர்ந்துவிட்டது என்று எழுதலாமா?

குருதிச்சீரம்:
முதல் கேள்விக்கான விடை, காய்ச்சல் தொடங்கிய நாளில் இருக்கிறது. பி.சி.ஆர். தேடும் வைரஸ் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. பெரும்பாலும் முதல் ஐந்து நாட்களுக்கே குருதியில் பிடிபடும் அளவில் இருக்கும். என்எஸ்1 புரதமோ அதன் பின்னும் சில நாட்கள் தங்கும். ஆறாம் நாளில் வந்து சேர்ந்தவருக்கு என்எஸ்1 தெரிந்தும் வகை தெரியாமல் போவதற்கு ஆய்வுகூடத்தைக் குறை சொல்ல முடியாது. அத்தகைய மாதிரிகளைக் கழித்துவிடாமல், 'வகை அறியப்படாதவை' என்று தனி நிரலில், காய்ச்சலின் எத்தனையாம் நாள் என்பதோடு காட்டுங்கள். 'மூன்று நாளாய்க் காய்ச்சல்' என்று தாய் சொன்னதைப் பதிவுத்தாளில் அப்படியே எழுதிவிடுவார்கள்; அது முன்தினம் இரவில் தொடங்கியதா, வந்த நாளையும் சேர்த்துச் சொன்னாரா என்பதை நீங்களே கட்டிலருகே நின்று கேட்டுத் திகதியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

என்எஸ்1 கொண்டு வடிகட்டும் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. முன்பு வேறொரு வகை தொற்றியவரின் உடலில் உள்ள பிறபொருளெதிரிகள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்) அந்த என்எஸ்1 புரதத்தைப் பற்றிக்கொள்வதால், இரண்டாம் தொற்றில் அச்சோதனை தவறவிடுவது அதிகம். போதாக்குறைக்கு, சில சோதனைக் கருவிகள் எல்லா வகைகளையும் ஒரே கூர்மையுடன் பிடிப்பதுமில்லை. வடிகட்டியே வகைகளின் விகிதத்தை மாற்றிவிட்டால், பின்னர் எந்தப் புள்ளிவிவரக் கணக்காலும் அதை முழுதாகச் சீர்செய்ய முடியாது. செலவு இடங்கொடாவிட்டால், முதல் ஐந்து நாட்களுக்குள் வந்தவர்களில் வாரத்துக்கு இத்தனை பேர் என்று குலுக்கல் முறையில் எடுத்து அனைவருக்கும் பி.சி.ஆர். செய்யுங்கள்.

கிழக்குக்கரை:
வைத்தியசாலை மாதிரிகளைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. இலங்கையில் 2009 முதல் முதலாம் வகையே மேலோங்கியிருந்தது. 2016 நடுப்பகுதியிலிருந்து நோயாளரின் மாதிரிகளில் இரண்டாம் வகை முன்னுக்கு வரத் தொடங்கியது. 2017இல் டெங்கு ஐயமுடையோராக அறிவிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 186,101. அவ்வாண்டின் மழை, வெள்ளம், அள்ளப்படாத குப்பை ஆகியவையும் நுளம்புக்குத் துணைநின்றன என்பதால், முழுப் பழியையும் வகை மாற்றத்தின் மீது போட முடியாது. ஆனால் ஓரளவு நோயெதிர்ப்பு இல்லாத மக்களிடையே ஒரு வகை நுழைகிறது என்ற எச்சரிக்கை விடுதிகளிலிருந்தே கிடைத்தது.

வகை எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. ஏறத்தாழ 35,000 பேரைப் பாதித்து, 340க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த 2009ஆம் ஆண்டுப் பரவலின்போது கொழும்பில் கண்டறியப்பட்டது முதலாம் வகையின் புதிய மரபுப் பிரிவு. முதலாம் வகை அதற்கு முன்பும் இந்நாட்டில் இருந்ததே. எனவே மாதந்தோறும் சில மாதிரிகளை மரபணு வரிசை வாசிப்புக்காகத் தனியே எடுத்து, ஒன்றை ஒன்பது முறை உருக்கி உறைய வைக்காமல், சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 பாகையில் வையுங்கள்.

தரவுக்காரன்:
இரண்டாவது கேள்விக்கு என் பதில், 'இல்லை' என்பதே, கியூபாவைப் பாருங்கள். அங்கே 1977இல் முதலாம் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 344,203 பேர் நோயுற்று 158 பேர் இறந்தனர். பின்னர் 1997இல் சாந்தியாகோ தே கியூபா நகருக்கு மீண்டும் இரண்டாம் வகை வந்தபோது கடுமையாக நோயுற்றவர்கள் ஏறத்தாழ அனைவரும் முன்பே தொற்றுக்குள்ளான பெரியவர்கள்; முதன்முறையாகத் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை. அத்தகைய ஊரில் விடுதியை மட்டும் எண்ணினால், டெங்கு பெரியவர்களின் நோய் என்றே தோன்றும். ஆகவே வெளிநோயாளர் பிரிவிலிருந்தும் மாதிரி எடுங்கள். வயதையும், ஐஜிஜி என்னும் பிறபொருளெதிரியைப் பார்க்கும் சோதனையால் அறியக்கூடிய முதல் தொற்றா இரண்டாம் தொற்றா என்பதையும் வகையோடு சேர்த்துப் பதியுங்கள். 'அனுமதிக்கப்பட்டோரில் இரண்டாம் வகையின் பங்கு உயர்ந்தது' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

ஆய்வுகூட மாணவி:
மூவருக்கும் மிக்க நன்றி. வடிகட்டலைக் கைவிடுகிறேன். வகை தெரிந்தால் சிகிச்சை மாறுமா என்று விடுதித் தாதி ஒருவர் கேட்டார், என்ன சொல்வது?

குருதிச்சீரம்:
மாறாது. எந்த வகையானாலும் குருதிச் செறிவையும் நாடித் துடிப்பையும் பார்த்துத் திரவத்தை அளவோடு கொடுப்பதுதான் சிகிச்சை. உங்கள் அட்டவணை பயன்படப்போவது பிராந்திய தொற்றுநோயியலாளருக்கு. எனவே ஆய்வறிக்கை முடியும்வரை காத்திராமல், உரிய அனுமதியுடன் ஒவ்வொரு மாத முடிவையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.