கடை வைஃபையில் வங்கிச் செயலியைத் திறக்கலாமா?

ஏ9பயணி: முல்லைத்தீவு பஸ்ஸுக்கு மாங்குளத்தில் காத்திருக்கும்போது, டேட்டா முடிந்துவிட்டதால் அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையின் வைஃபையில் வங்கிச் செயலியைத் திறந்து, கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய காசு வந்துவிட்டதா என்று பார்க்கிறார். பயமில்லையா?

குளக்கட்டு: தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். கடவுச்சொல் சுவரில் ஒட்டியிருக்கும் இடம் அது. டபிள்யூபிஏ2 என்ற பூட்டு முறை உள்ள வைஃபை என்றால், அந்தச் சொல் தெரிந்தவர் உங்கள் போன் இணையும் கணத்தைப் பதிவுசெய்து வைஃபைப் பூட்டைத் திறந்துவிடலாம். 2010இல் ஃபயர்ஷீப் என்ற பயர்பாக்ஸ் உலாவி நீட்சி வந்தபோது, பக்கத்து மேசைக்காரரின் பேஸ்புக்குக்குள் ஒரு சொடுக்கில் நுழைந்தார்கள்.

முறிகண்டியான்: அது 2010, அண்ணை. அப்போது பேஸ்புக்கில் உள்நுழைந்த பிறகு குக்கி (உள்நுழைந்தவர் யார் என்று காட்டும் சிறு அடையாளம்) பூட்டில்லாமல் வெளிப்படையாகப் போனது. 2013இல் பேஸ்புக்கில் எல்லோருக்கும் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டு வந்துவிட்டது. வைஃபைப் பூட்டு போனாலும், செயலிக்கும் வங்கிக்கும் இடையே தனிப்பூட்டு இருக்கிறது. எந்த வங்கி என்பது வெளியே தெரியலாம், மீதிக் காசு தெரியாது. டேட்டா முடிந்த ஒரு தாயை, காசு வந்ததா என்று தெரியாமல் வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளக்கட்டு: செயலியை விடுவோம். அதே பெயர், அதே கடவுச்சொல்லுடன் வேறொருவர் ஹொட்ஸ்பொட் போட்டால் போன் தானாக ஒட்டிக்கொள்ளும். ‘இணைய வசதிக்கு பேஸ்புக்கில் உள்நுழையுங்கள்’ என்று ஒரு பக்கம் வரும். அங்கே எந்தப் பூட்டும் உதவாது, கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுப்பது நாமே.

முறிகண்டியான்: அந்த ஆபத்து உண்மை. தானாக இணைவதை நிறுத்திவைக்க வேண்டும். தளம் உண்மையானதா என்று உறுதியில்லை எனச் சொல்லும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் ‘தொடர்க’ என்று அமத்தவே கூடாது. ஆனால் போலிப் பக்கம் எஸ்எம்எஸ் இணைப்பாகவும் வரும். சொந்த டேட்டா அதைத் தடுக்காது.

ஏ9பயணி: இலவச விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு கம்பெனி வழியாக அனுப்பும் செயலி) போட்டால்?

முறிகண்டியான்: வேண்டாம். கடைக்காரரை நம்பாமல், முகம் தெரியாத ஒரு கம்பெனியை நம்புவீர்கள், அவ்வளவுதான்.

குளக்கட்டு: இதில் நாங்கள் இருவரும் ஒன்று. சரி, அம்மாவின் போன் எவ்வளவு பழையது? 2017இல் டபிள்யூபிஏ2இல் க்ராக் என்ற ஓட்டை தெரியவந்தது. போனுக்கு அப்டேட் வந்தால்தான் அது அடைபடும்.

ஏ9பயணி: அண்ணா பாவித்த பழைய போன். அப்டேட் நின்று கனகாலம்.

முறிகண்டியான்: அப்படியென்றால் குளக்கட்டு அண்ணையின் பக்கம் வருகிறேன். க்ராக்குக்காக அல்ல, செயலியின் பூட்டு அதையும் தாங்கும். திருத்தப்படாத மற்ற ஓட்டைகளுக்காக. அந்தப் போனில் வங்கிச் செயலியே வேண்டாம், வைஃபையோ டேட்டாவோ. காசு வந்தால் வங்கி எஸ்எம்எஸ் அனுப்பும்படி பதிந்துவிடுங்கள். அதற்கு இணையமே தேவையில்லை.