கொயோட்டி (நரி மாதிரி இருக்குற அமெரிக்கக் காட்டு நாய்) பொறியைத் தோண்டிப் போட்டுட்டுப் போகுது, கால் வைக்க மாட்டேங்குது. என்ன தப்பு?

ஆட்டுப்பட்டி:
இடம் டெக்சஸ் ஹில் கன்ட்ரி. போயர் வெள்ளாடு, இப்ப குட்டி போடுற நேரம். செத்துக் கிடக்குற குட்டிங்க தொண்டையில பல் தடம் இருக்கு, தோலை உரிச்சா கழுத்துக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. பின்னந்தொடையைக் குதறல, அதனால ஊர் நாய் இல்ல, கொயோட்டிதான்.

காலைக் கவ்விப் பிடிக்கிற 2-ம் நம்பர் சுருள்வில் பொறி, தாடை அகலம் ஐந்தரை அங்குலம். வேலிக்கு வெளிய வண்டித்தடத்து ஓரமா சாய்வா ஒரு துளை போட்டு, உள்ள கோழி ஈரலும் கொஞ்சம் லூரும் (மோப்பம் காட்டி இழுக்குற வாசனைப் பசை) வைக்கிறேன். சில இடத்துல பொறியைச் சுத்தித் தோண்டி வெளிய இழுத்துப் போட்டிருக்கு. சில பொறி மூடிக் கிடக்கு, நடுவுல ரெண்டு மயிர்தான். மத்த இடத்துல காலடி பத்தடி தள்ளியே போயிடுது, பொறிப் பக்கம் திரும்பவே இல்ல. வேலிக்குள்ள ரெண்டு கிரேட் பிரனீஸ் காவல் நாய் இருக்கு. எங்க கோட்டை விடுறேன்?

முள்வேலி:
மூணும் தனித்தனி கோளாறுங்க. முதல்ல தோண்டுறது. பொறி இருக்குன்னு பயந்து தோண்டுதுன்னு நினைக்காதீங்க. ஒண்ணு, மிதிச்ச இடத்துல கீழ ஏதோ ஆடியிருக்கும். இல்ல, பொறி மேலயே தீனி வாசம் ஏறியிருக்கும். ரெண்டுலயும் அதோட கணக்கு, ‘இங்க யாரோ இரையைப் புதைச்சிருக்காங்க’ங்கிறதுதான்.

ஆட்டம் நிக்க: பொறி உக்காரும் அளவுக்கு மட்டும் பள்ளம் எடுங்க, அகலமா வெட்டாதீங்க. வெச்ச பிறகு வில் நெம்புகோல் மேலயும் தாடையோட நாலு ஓரத்துலயும் விரலால அழுத்திப் பாருங்க. எங்க அழுத்தினாலும் எதிர்ப்பக்கம் இம்மியும் எழும்பக் கூடாது. எழும்பினா எடுத்துட்டு அடியில மண்ணைப் போட்டு மறுபடி உக்கார வைக்கணும். தாடைக்கு வெளிப்பக்கம் சுத்தி விரல் நுனியால மண்ணைத் திணிச்சு இறுக்குங்க. தாடையும் மிதிதட்டும் (கால் பட்டதும் பொறியை மூட வைக்கிற நடுத்தட்டு) தரைக்குக் கால் அங்குலம் கீழ இருக்கணும். அதுக்கு மேல கால் அங்குலக் கண்ணி சல்லடையில சலிச்ச உலர்ந்த மண். கல்லோ வேரோ தாடை நடுவுல மாட்டினா பொறி முழுசா மூடாது.

வாசத்துக்கு: ரெண்டு ஜோடி கையுறை வேணும். பொறியைத் தொடுறது ஒண்ணு, ஈரலும் லூரும் தொடுறது இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே வாளியில போடாதீங்க. லூர் பாட்டிலைப் பொறிக்கு நேர் மேல திறக்கவும் வேண்டாம், ஒரு சொட்டு மண்ணுல விழுந்தாலும் அங்கதான் மூக்கை வைக்கும். எல்லாத்தையும் புதைச்சு முடிச்ச பிறகு, கடைசி வேலையா ஒரு குச்சியில பட்டாணி அளவு எடுத்துத் துளைக்குள்ள தடவுங்க. அதுக்கு மேல வேணாம்.

புதுப் பொறியா இருந்தா தொழிற்சாலை எண்ணெய் வாசம் இன்னும் இருக்கும். சலவை சோடா போட்ட வெந்நீர்ல கொதிக்க வெச்சு, லேசாத் துரு ஏற விட்டு, அப்புறம் லாக்வுட் மரச் சாயத்துல கொதிக்க வைக்கணும்.

கரிசல்காடு:
மூடிக் கிடக்குற பொறிக்கு வர்றேன். மயிர் மட்டும் சிக்குதுன்னா மூக்கோ, விரல் நுனியோ, இல்ல ரக்கூன், ஸ்கங்க் மாதிரி சின்ன ஜீவனோ தட்டியிருக்கு. மிதிதட்டு லேசா இருக்கு. கொயோட்டிக்கு 3 பவுண்டு பக்கம் இறுக்கம் வேணும். சோதனைக் கருவி இல்லன்னா தண்ணி பாட்டில் போதும்: 1 லிட்டர் நிறைச்ச பாட்டிலைத் தட்டுல நிறுத்தினா பொறி விழக் கூடாது, ஒன்றரை லிட்டர்னா விழணும். கை பாட்டிலோட கழுத்துல இருக்கட்டும், தாடைக்குள்ள வேண்டாம். இறுக்கத்தைத் தட்டோட திருகாணியில மாத்திக்கலாம்.

தட்டுக்கு அடியில மண் புகுந்தா நேர்மாறா, மிதிச்சாலும் விழாது. மெழுகுத்தாளை வட்டமா வெட்டித் தட்டு மேல போட்டு, அப்புறம் மண்ணைச் சலிங்க.

இன்னொண்ணு, துளைக்கும் தட்டுக்கும் உள்ள தூரம். உங்க பதிவுல அதைச் சொல்லல. துளை வாயிலிருந்து தட்டு மையம் வரை 9 அங்குலம், அங்கிருந்து ஒரு பக்கமா 2 அங்குலம் விலக்கி வைங்க. கொயோட்டி துளைக்கு நேரா நின்னு எட்டிப் பார்க்கும்போது முன்னங்கால் ரெண்டும் நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கும். நேர்கோட்டுல வெச்ச பொறி ரெண்டு காலுக்கும் நடுவுல மாட்டிக்கும், விரல் நுனிப் பிடிப்பு அதனாலதான். துளை 3 அங்குல அகலம், 8லேர்ந்து 10 அங்குல ஆழம், 45 டிகிரி சாய்வு. பின்னாடி ஒரு புல் கத்தையோ கல்லோ இருந்தா அது முன்பக்கமாத்தான் வரும். தட்டைச் சுத்தி நாலஞ்சு மண்ணாங்கட்டி போட்டு வைங்க. கூரா இருக்குறதை மிதிக்காம நடுவுல உள்ள வெத்து மண்ணுலதான் கால் வைக்கும்.

முள்வேலி:
பத்தடி தள்ளிப் போறது பெரும்பாலும் காத்துக் கோளாறு. லூர் வாசம் தடத்துக்குப் போய்ச் சேரணும். தடம் கிழக்கு மேற்கா ஓடுது, தெக்கத்திக் காத்துன்னு வைங்க: பொறி தடத்துக்குத் தெற்கே, அஞ்சாறு அடி தள்ளி, துளை வாய் வடக்கு பார்த்து இருக்கணும். மோப்பம் பிடிச்சு அது எதிர்காத்துல வரும்போது முதல்ல பொறி, அப்புறம் துளை.

உங்க பக்கம் குளிர்காலத்துல வடக்கத்திக் காத்து திடீர்னு புரட்டிப் போடும். அதனால ஒரே இடத்துல தடத்துக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு போடுங்க. நீளமான தடத்துல எங்க வேணும்னாலும் போடுறதும் பயன் இல்ல. ரெண்டு தடம் சேர்ற இடம், கேட் முனை, வறண்ட ஓடை வேலியைத் தாண்டுற இடம், இங்கதான் எச்சம் போட்டு எல்லை வெச்சிருக்கும். பழைய எச்சம் கிடக்குற முக்குல ஒரு பொறி போட்டா, தடம் முழுக்கப் பத்துப் போட்டதை விட மேல்.

ஆட்டுப்பட்டி:
நன்றிங்க. தூரத்தையும் காத்தையும் இன்னைக்கே மாத்துறேன். ரெண்டு சந்தேகம். இங்க அரை அடிக்குக் கீழ சுண்ணாம்புப் பாறை, பொறியைக் கட்டுற முளை இறங்க மாட்டேங்குது. ஈரல் வெச்ச துளையில விடியறதுக்குள்ள நெருப்பெறும்பு மொய்க்குது.

கரிசல்காடு:
பாறையில முளையோட மல்லுக்கட்டாதீங்க. ரெண்டு கொக்கி உள்ள இழுவை நங்கூரமும் 6லேர்ந்து 8 அடி சங்கிலியும் போடுங்க, சங்கிலியைப் பொறிக்கு அடியிலேயே சுருட்டிப் புதைக்கலாம். பிடிபட்டது இழுத்துட்டுப் போய்ப் பக்கத்துச் சீடர் (cedar) மரப் புதர்ல சிக்கி நிக்கும். சங்கிலியில சுழலி (சங்கிலி முறுக்காம சுத்துற வளையம்) குறைஞ்சது மூணு இருக்கட்டும். காலை முறுக்கும்போது சுழலி சுத்தலன்னா எலும்புக்குக் கேடு, பிடியும் நழுவும்.

எறும்புக்கு வழி, இறைச்சியையே விட்டுடுறது. கொயோட்டி மூத்திரம் கடையில கிடைக்கும். தடத்து ஓரம் தனியா நிக்கிற முழங்கால் உயரக் குத்துச் செடியில, தரையிலிருந்து எட்டு அங்குல உயரத்துல ரெண்டு மூணு பீச்சு, அதுக்கு 8 அங்குலம் தள்ளிப் பொறி. துளை, தீனி ஒண்ணும் வேண்டாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இணை சேர்ற காலம், எல்லைக்குச் சண்டை போடுற நேரம், அப்ப ஈரலை விட மூத்திரத்துக்குத்தான் வரும்.

செத்த குட்டியை எந்தக் காரணம் கொண்டும் பொறிப் பக்கம் போடாதீங்க. கண்ணுக்குத் தெரியுற இறைச்சிக்குக் கழுகு வந்து மாட்டும். உங்க ஊர்ல கருங்கழுகு (black vulture) நிறைய, அது 1918 புலம்பெயர் பறவைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை.

முள்வேலி:
பிரனீஸ் விஷயத்தை விட்டுட்டோம். 3 பவுண்டு இறுக்கம் சின்ன ஜீவனைக் காப்பாத்தும், 100 பவுண்டு நாயைக் காப்பாத்தாது. அதுங்க வேலி தாண்டி ரோந்து போற பழக்கம் உண்டு. நாய்த் தடம் இருக்குற இடத்துல பொறியே வேண்டாம். கொயோட்டி தடம் நீளவாக்குல ஒடுங்கி இருக்கும், முன் ரெண்டு நகமும் ஒட்டினாப்ல பதியும். நாய்த் தடம் அகலம், நகம் விரிஞ்சிருக்கும். இதைப் பார்த்துப் பிரிச்சுட்டுப் பொறி போடுங்க. தாடை முழுசாச் சேராம இடைவெளி விட்டதோ ரப்பர் வெச்சதோ வாங்குங்க.

தப்பித் தவறி நாய் மாட்டினா, தலைக்கு மேல கனமான போர்வையைப் போட்டு மூடிட்டு, ரெண்டு நெம்புகோலையும் ரெண்டு பாதத்தால ஒரே நேரத்துல மிதிங்க, தாடை தளர்ந்துடும். வீட்டுல வெறும் பொறியில பழகிட்டுப் போங்க, இருட்டுல முதல் தடவையா முயற்சி பண்ணாதீங்க.

தினமும் விடிஞ்சதும் போய்ப் பார்த்தே ஆகணும், போக முடியாத நாள்ல பொறியை மூடிடுங்க. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொலராடோ 1996, கலிபோர்னியா 1998, வாஷிங்டன் 2000, மூணு இடத்துலயும் மக்கள் வாக்கெடுப்புல இந்தக் கால்பொறியைப் பெரும்பாலும் தடுத்துட்டாங்க. இதைப் படிக்கிற வேற மாநிலத்துக்காரங்க பொறி வாங்குறதுக்கு முன்னாடி அவங்க வனவிலங்குத் துறை விதியைப் பாருங்க.

ஆட்டுப்பட்டி:
மழை பெஞ்சு ராத்திரி உறைஞ்சா?

கரிசல்காடு:
ஈர மண் உறைஞ்சா தட்டு இறங்காது. மெழுகு மண் தயார் பண்ணி வைங்க: அஞ்சு கேலன் வாளி உலர்ந்த மண்ணுக்கு 2 அல்லது 3 பவுண்டு மெழுகுச் சீவல், கறுப்புத் தார்ப்பாய்ல பரப்பி நல்ல வெயில்ல கிளறினா உருகி ஒட்டிக்கும். பொறிக்கு அடியிலயும் மேலயும் அதுதான். உப்பு போடாதீங்க, பொறி அரிச்சுப் போயிடும்.