போன் கதிர்வீச்சுல நரம்பு செல் செத்துப்போகுமா?

மீனா_க:
எனக்கு வேலையே போன்லதான். தினமும் நாலஞ்சு மணி நேரம் வலது காதுலயே வெச்சு பேசுறேன், முடிக்கும்போது காது மடல் கொதிக்குது, இப்ப ரெண்டு வாரமா வலது கை சுண்டுவிரலும் மோதிரவிரல்ல பாதியும் மரத்துப்போகுது. வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோல செல்போன் கதிர்வீச்சு மூளை நரம்பு செல்லை கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்கும், அது திரும்ப வளராதுன்னு சொல்றாங்க, பார்த்ததுல இருந்து தூக்கமே இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வயர்மேன்:
பயப்படாதீங்க மேடம். கதிர்வீச்சுன்னதும் எக்ஸ்ரே மாதிரி நினைச்சுக்கிறோம், இது வெறும் ரேடியோ அலை. அணுவுல இருந்து எலக்ட்ரானை பிடுங்க தேவையான சக்தில இதோட ஒரு துகள்கிட்ட இருக்கிறது சுமாரா பத்து லட்சத்துல ஒரு பங்கு, அதனால டிஎன்ஏவை நேரா உடைக்க முடியாது. உறுதியா தெரிஞ்ச விளைவு சூடு மட்டும்தான், அதையும் கட்டுப்படுத்தத்தான் எஸ்ஏஆர் லிமிட் (உடம்பு எவ்ளோ ரேடியோ சக்தியை உறிஞ்சலாம்ங்கிற அளவு) வெச்சிருக்காங்க. உங்க காது சுடுறது பெரும்பாலும் பேட்டரி சூடு, அதோட போனை அழுத்தி வெச்சா தோலுக்கு காத்து படாது.

செந்தில்07:
அவ்ளோ ஈசியா தள்ளிடாதீங்க ப்ரோ. 2011லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை '2பி', அதாவது புற்றுநோய் வரவைக்க வாய்ப்பிருக்குங்கிற லிஸ்ட்ல சேர்த்துச்சு. அதே வருஷம் அமெரிக்கால 47 பேர் காதுல போனை வெச்சு 50 நிமிஷம் ஸ்கேன் ஆராய்ச்சி பண்ணாங்க, ஆன்டெனா பக்கம் மூளை குளுக்கோஸ் எடுக்கிறது 7% கூடுச்சு. எலி ஆராய்ச்சில கட்டியே வந்துச்சு.

நரம்பு_மாணவி:
செந்தில் அண்ணா சொன்னது எல்லாமே நடந்ததுதான், ஆனா மீதியையும் சொல்லணும். 2பின்னா 'இருக்கலாம், ஆனா ஆதாரம் பத்தல'னு அர்த்தம். குளுக்கோஸ் கூடுனா அந்த இடத்து செல் கூடுதலா வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம், சாகுதுன்னு இல்ல, அதனால நல்லதா கெட்டதான்னு அந்த ஆராய்ச்சி பண்ணவங்களே முடிவு சொல்லல. எலி விஷயம் 2018ல வந்தது. ரெண்டு வருஷம், தினம் ஒம்போது மணி நேரம், உடம்பு முழுக்க அலை பாய்ச்சினாங்க, ஆண் எலிக்கு இதயத்துல நரம்பு உறைல கட்டி வந்துச்சு, ஆனா அலை வாங்கின ஆண் எலிங்கதான் வாங்காததை விட அதிக நாள் உயிரோட இருந்துச்சு! மனுஷங்க மேல நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2024ல வந்த பெரிய அலசல்ல மூளை புற்றுநோயோட தொடர்பு தெரியல.

மீனா அக்கா, எனக்கு கவலை உங்க விரல்தான். சுண்டுவிரலும் மோதிரவிரல்ல பாதியும்னு கரெக்டா எழுதியிருக்கீங்க, அது அல்நார் நரம்போட ஏரியா. முழங்கைய இடிச்சுக்கிட்டா ஷாக் அடிச்ச மாதிரி விர்ருங்குமே, அதே நரம்பு. கைய மடக்கி மணிக்கணக்கா போனை பிடிச்சா அங்க இழுபட்டு நசுங்கும். அலையால இல்ல, மடக்குறதால. கைய நீட்டினா குறையுதான்னு பாருங்க. பிடி தளர்ந்தா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சதை வத்தினா தள்ளிப்போடாம உடனே டாக்டரைப் பாருங்க.

வயர்மேன்:
அருமையா சொன்னீங்க. ஹெட்செட் போட்டா காது, கை ரெண்டுக்கும் நல்லது. சிக்னல் கம்மியா இருக்கிற இடத்துல, லிஃப்ட் மாதிரி, போன் பவரைக் கூட்டும், அங்க பேச்சை தவிர்த்துடுங்க.

மீனா_க:
ரொம்ப நன்றிப்பா. இப்பதான் செஞ்சு பார்த்தேன், கைய நீட்டி வெச்ச ரெண்டு நிமிஷத்துல மதமதப்பு குறையுது. தூங்கும்போதும் கைய மடக்கி தலைக்கு அடியில வெச்சுப்பேன், அதுவும் காரணமா இருக்குமா?

நரம்பு_மாணவி:
கண்டிப்பா அக்கா. ராத்திரி முழங்கைல ஒரு துண்டை லூசா சுத்திட்டு படுங்க, மடங்காது. ரெண்டு வாரம் கழிச்சு எப்படி இருக்குன்னு இங்கயே எழுதுங்க.