இளைஞர்களுக்காகக் கடையையே மாற்றணுமா?

தராசு:
கைக்கடிகாரம் விற்பதும் பழுது பார்ப்பதும்தான் எங்கள் தொழில். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பெயர், லோகோ, உள் அலங்காரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு இளைஞர்களைக் குறிவைத்து இறங்கிவிடலாம் என்கிறார் என் கூட்டாளி. எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலவானம்:
கூட்டாளி சொல்வதுதான் சரி. இப்போது வருகிறவர்கள் இன்னும் எத்தனை வருடம் புதுக் கடிகாரம் வாங்குவார்கள்? உங்கள் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. எழுபதுகளில் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் வந்து சுவிஸ் கடிகாரத் தொழிலைப் புரட்டிப் போட்டது. சுமார் 90,000 பேர் வேலை பார்த்த துறை எண்பதுகளின் நடுவில் 30,000 பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மீண்டு வந்ததில் பெரிய பங்கு 1983ல் வந்த ஸ்வாட்ச் என்ற கடிகாரத்துக்கு. பிளாஸ்டிக் உடம்பு, பளிச்சென்ற நிறங்கள், மொத்தமே 51 பாகங்கள். ஆயுளுக்கு ஒன்று என்று இருந்த பொருளை, சட்டைக்குத் தகுந்தபடி மாற்றிப் போட்டுக்கொள்கிற பொருளாக ஆக்கினார்கள்.

கணக்கன்:
பாதிக் கதையை விட்டுவிட்டீர்களே. அதற்காகப் பழைய, விலை உயர்ந்த சுவிஸ் பிராண்டுகளான ஒமேகாவையும் லாஞ்சின்ஸையும் பிளாஸ்டிக்கில் செய்தார்களா? அவற்றை அப்படியே விட்டுவிட்டு, புதுப் பெயரில் தனிச் சரக்கு போட்டார்கள். இருப்பதையே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜேசி பென்னி என்ற துணிமணி, வீட்டுப்பொருள் கடைகளைப் பாருங்கள். ஆப்பிள் கடைகளை வளர்த்தெடுத்த ரான் ஜான்சன் 2011 நவம்பரில் தலைமைக்கு வந்தார், கூப்பனையும் தள்ளுபடியையும் நிறுத்தினார், நவநாகரிக பிராண்டுகளைக் கடைக்குள் கடையாக வைத்தார். 2012ல் விற்பனை கிட்டத்தட்ட 25 சதவீதம் சரிந்தது, 2013 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டார்கள். கூப்பனைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்த பழைய ஆட்கள் போய்விட்டார்கள், புதியவர்கள் அவர் நினைத்த வேகத்தில் வரவில்லை. தராசு, கால்வாசி வியாபாரம் போனால் உங்களால் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க முடியுமா? அதை முதலில் யோசியுங்கள்.

நீலவானம்:
ஜான்சன் தோற்றது மாற்றியதால் இல்லை. நாலு கடையில் செய்து பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இறக்கியதுதான் அவரைக் கவிழ்த்தது. அரைகுறையாக மாற்றியவர்கள் கதையும் இருக்கிறது. ஓல்ட்ஸ்மொபில் கார்க்காரர்கள் 1988ல் ‘இது உங்கள் அப்பாவின் ஓல்ட்ஸ்மொபில் அல்ல’ என்று விளம்பரம் செய்தார்கள். விளம்பரத்துக்கு ஏற்ற அளவுக்கு வண்டி மாறவில்லை, அப்பாவுக்கும் பிடிக்கவில்லை, பிள்ளையும் வரவில்லை. 1897ல் தொடங்கிய பெயர் 2004ல் முடிந்தது. அப்புறம், ஒமேகாவைத் தொடவில்லை என்கிறீர்களே, 2022ல் இரண்டும் சேர்ந்து கொண்டுவந்த மூன்ஸ்வாட்ச் கடிகாரத்தில் ஒமேகா பெயரும் ஸ்வாட்ச் பெயரும் ஒரே முகப்பில் இருந்தன, வாங்கக் கூட்டம் அலைமோதியது.

கணக்கன்:
ஸ்வாட்ச் வந்து 39 வருடம் கழித்து! அதையும் ஸ்வாட்ச் கடையில்தான் விற்றார்கள். அதற்கு முன்மாதிரியான ஒமேகாவின் அசல் ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம் அதன் இடத்தில் அப்படியே இருக்கிறது. இதைத்தானே நானும் சொல்கிறேன்.

மின்மினி:
நீங்கள் இரண்டு பேரும் தேடுகிற வயதுக்காரி நான், 24. லோகோ பழசா புதுசா என்று பார்த்து நான் எந்தக் கடையையும் ஒதுக்கியதில்லை. இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே போனில் ஒரு கடிகாரக் கடையின் பக்கத்தைத் திறக்கிறேன் என்று வையுங்கள். படம் மங்கல், கடிகார வாருக்கு விலை இல்லை, பழுதுக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு வரி கிடையாது, ‘விவரங்களுக்கு அழைக்கவும்’ என்று மட்டும் இருக்கிறது. அழைக்க மாட்டேன். தெரியாத ஒருவரிடம் விலை கேட்டுவிட்டு, அதிகமாக இருந்தால் என்ன சொல்லி போனை வைப்பது என்ற சங்கடமே போதும், அடுத்த கடைக்குப் போய்விடுவேன். என் நண்பர்களும் அப்படித்தான்.

தாத்தாவின் சாவி கொடுக்கும் கடிகாரம் எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் ஓடாமல் கிடக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும், ஓட வைக்க முடியுமா, எத்தனை நாள் ஆகும், இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் பழுது பார்ப்பவர் பின்மூடியைக் கழற்றி, உலர்ந்துபோன எண்ணெயைத் துடைத்து, உள்ளே இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் சக்கரம் மறுபடி ஆடத் தொடங்குவதை ஒரு நிமிட வீடியோவாகப் போடுங்கள். பாட்டு வேண்டாம், நடனம் வேண்டவே வேண்டாம். அந்தச் சின்ன சத்தம் மட்டும் கேட்டால் போதும், நான் வருவேன்.

கணக்கன்:
இதற்குச் செலவும் அதிகம் ஆகாது, பழைய வாடிக்கையாளர் யாரும் முகம் சுளிக்கப் போவதும் இல்லை. முழு ஆதரவு.

நீலவானம்:
நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் தாத்தா கடிகாரத்தோடு ஒரு தடவை வருவார், அப்புறம்? கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் வயதுக்கு ஒரு கடிகாரமும் இல்லையென்றால் பழுதுக்குப் பணம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். சரக்கு மாறியே ஆக வேண்டும்.

மின்மினி:
அதுவும் உண்மைதான். கடையில் இருப்பவர் என்னைப் பார்த்ததும் ‘யாருக்கு வாங்குறீங்க, அப்பாவுக்கா?’ என்று கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

தராசு:
சரி. பழுதுக்கும் வாருக்கும் விலைப்பட்டியலை இந்த வாரமே பக்கத்தில் ஏற்றிவிடுகிறேன், வீடியோவுக்குப் பழுது பார்ப்பவரிடம் பேசுகிறேன். ஒரு கண்ணாடிப் பெட்டியை மட்டும் புதுச் சரக்குக்கு ஒதுக்கி ஆறு மாதம் பார்க்கலாம் என்று கூட்டாளியிடம் சொல்லப் போகிறேன். பெயரை மாற்றுவதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

நீலவானம்:
ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டியின் கணக்கை இங்கே போடுங்கள், பெயர் விஷயத்தை அப்போது மறுபடி பேசுவோம்.